லாயர் தாமோதரன் செய்த குற்றம்

'செண்பக இல்லம்' தொடர் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. மறுநாளே கிளென்மோர் தேயிலைத் தோட்டத்து நெடுந்தொடர் ரசிகர் நலப் பேரவை அவசரக் கூட்டம் போட்டு, அது இயற்கையான முடிவு அல்ல என்று தீர்மானித்தது.

தொலைக்காட்சி நிலையம் காரணத்தை முன்பே சொல்லியிருந்தது. விளம்பரம் குறைந்துவிட்டது, இனி அந்த நேரத்தில் சமையல் போட்டி வரும் என்று திரையின் அடியிலேயே எழுத்து ஓடியது. பேரவை அதை நம்பவில்லை. எட்டு வருஷம் ஓடிய தொடரை யாரோ ஒருவன் முடித்திருக்க வேண்டும், அவன் யார் என்று ஆராய்ந்தார்கள். நிலையத்தைக் குற்றம் சொல்லலாம். ஆனால் அதற்குக் கோலாலம்பூர் வரை போக வேண்டும், வாசலில் ஜாகா காவலுக்கு நிற்கிறான். இயக்குநர் போனை எடுப்பதில்லை. கதை எழுதியவர் என்று ஒருவர் இருந்ததே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. பெரிய மருமகளாகவும் சின்ன மருமகளாகவும் நடித்தவர்கள் மீது பழி போட யாருக்கும் மனம் வரவில்லை. அத்தனை வருஷம் அழுதவர்கள்.

மிஞ்சியவன் சசிதரன்.

சசிதரன் இந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா கந்தசாமி ஓய்வு பெறும்வரை இங்கே கொழுந்து வெட்டியவர். மகன் கிள்ளானில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கூப்பிட்டபோது போய் நடித்துவந்தான். தொடரின் கடைசி வாரத்தில்தான் அவனைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு லாயர் தாமோதரனாக வந்தான். சொத்துக்காக எட்டு வருஷம் சண்டை போட்ட இரண்டு மருமகள்களையும் உட்கார வைத்துப் பேசினான். அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். திரையில் 'வணக்கம்' போட்டுத் தொடரை முடித்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் அவன் தங்கை பூவிழிக்குக் கல்யாணம். அதற்கு அவன் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். தானாக வந்து சேரக்கூடிய குற்றவாளி வேறு யாரும் இல்லை என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சசிதரனுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பஸ்ஸை விட்டு இறங்கி, பிரிஞ்சாங்கில் நசுருதீன் பாயின் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தான். முன்பெல்லாம் சாயங்காலமானால் அந்தக் கடையின் பெரிய டிவிக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் உட்கார இடம் இருக்காது. இன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டிவியில் ஒரு ஆள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

நசுருதீன் பாய் அவனைப் பார்த்ததும் தே தாரிக் டீயை இழுத்து ஆற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடிக் குவளையில் இல்லை. பிளாஸ்டிக் பையில், ரப்பர் பேண்டு போட்டு.

"இங்கயே குடிக்கிறேன் பாய்."

"தேத்தண்ணி கொடுக்கலாம் தம்பி. உக்கார விடத்தான் முடியாது. பேரவைக்கு நான் புரவலர்லா."

"எதுக்கு உக்காரக்கூடாது?"

"நீதான் தொடர முடிச்சிட்டியாமே." பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு அந்த மருமகளுங்க சேந்தா என்னா, சேராட்டி என்னா. ஆனா அவங்க சண்டை போட்டப்ப ஒரு ஆளு ரெண்டு ரொட்டி சானாய் சாப்டுவான். நீ சேத்து வச்ச அன்னிக்கு எவனும் சாப்டல. அழுதுட்டுப் போயிட்டானுங்க."

சசிதரன் சிரித்தான். பாய் சிரிக்கவில்லை. அவன் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, தோட்டத்துக்குப் போகும் சாலையில் நின்றான். முருகையாவின் லோரி வந்தது. முருகையா அவனை நன்றாகப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, அவன் ஏறப்போகும் சமயத்தில் கூட்டிப் போனார். அவர் பேரவையின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர்.

வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது பூவிழி வாசலிலேயே நின்றாள். அவள் தானா ராத்தாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"மண்டபம் இல்லன்னுட்டாங்கண்ணே."

தோட்டத்தில் இருப்பது ஒரே மண்டபம். கோயிலை ஒட்டியது. அதன் சாவி பேரவைத் தலைவர் குகனேஸ்வரனிடம் இருந்தது. அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி. கிராணி வேலை போனாலும் சாவி போகவில்லை.

"அதோட தினேசு அம்மாவும் கல்யாணத்த நிறுத்தி வச்சிருக்காங்க," என்றாள். தினேஸ்வரன்தான் மாப்பிள்ளை. கம்போங் ராஜாவில் ஒரு பூப்பண்ணையில் வேலை. அவன் அம்மா பேரவையின் கம்போங் ராஜா கிளைத் தலைவி. "தொடர முடிச்சவன் வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். பையனுக்குக் கல்யாணம் ஆகாட்டியும் பரவால்ல, கொள்கைதான் முக்கியம்னு போன்ல சொன்னாங்க."

உள்ளே கந்தசாமி கால்களில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகன் பக்கம் திரும்பவில்லை.

"ஏன்டா அதுங்கள சேத்து வச்ச?"

"அப்பா, எழுதிக் கொடுத்தாங்க. பேசினேன்."

"எழுதிக் கொடுத்தா என்னா வேணும்னாலும் பேசிருவியா?"

சசிதரன் பையை இறக்கி வைத்தான். நாற்பது வருஷம் மலைச்சரிவில் கொழுந்து வெட்டிய மனிதர், கங்காணியையும் துரையையும் எதிர்த்துப் பேசியவர், இதை உண்மையாகவே கேட்கிறார் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரணை. மண்டபத்து மேடையில் சிவப்புத் துணி விரித்த மேசை. அதன் பின்னால் குகனேஸ்வரன் கோட்டும் கழுத்துத் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். வலதுபுறம் முருகையா. இடதுபுறம் மகளிர் பிரிவுத் தலைவி சீதா. முன்வரிசையில் கிளைத் தலைவி, கம்போங் ராஜாவிலிருந்து வேன் வைத்து வந்த உறுப்பினர்களோடு. பின்வரிசையில் வங்காளதேசத் தொழிலாளர்கள் சிலர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எட்டு வருஷமும் தவறாமல் பார்த்தவர்கள்.

முதலில் தொடருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு தலைவர் பேசினார்.

"இது சாதாரணக் கூட்டமில்ல. பெர்த்தாம் பள்ளத்தாக்குல சேறு வந்து வீடெல்லாம் போனப்பகூட நாம கூட்டம் போடல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கொறஞ்சி போச்சுன்னு சொன்னப்பகூட நாம கூட்டம் போடல. இன்னிக்குப் போட்டிருக்கோம்னா நெலம எவ்ளோ மோசம்னு நீங்க புரிஞ்சிக்கணும்."

கைதட்டினார்கள்.

"என் வீட்டையே எடுத்துக்குங்க," என்று அவர் தொடர்ந்தார். "எட்டு வருஷமா நானும் என் சம்சாரமும் ஒரு வார்த்தை மனஸ்தாபமா பேசினதில்ல. பேசினதே இல்ல. தொடர் ஓடும், பாப்போம், படுத்துருவோம். இப்ப அவ என்கிட்ட பேச ஆரம்பிச்சிட்டா. நேத்து ராத்திரி, உங்களுக்கு என்னா வயசாவுதுன்னு கேக்கறா. இந்த மாதிரி எத்தன குடும்பம் பாதிக்கப்பட்டிருக்கும்?"

அடுத்து சீதா எழுந்தாள். அவளுக்கு அழுகை தயாராக இருந்தது.

"என் மாமியார நான் இத்தன வருஷமா கெட்டவங்கன்னு நெனச்சதே இல்ல. ஏன்னா டிவில அவங்களவிட மோசமா ஒருத்தி இருந்தா. இப்ப வச்சுப் பாக்க ஆளில்ல. திரும்பிப் பாத்தா அவங்கதான் உக்காந்திருக்காங்க."

மாமியார் இரண்டாவது வரிசையிலிருந்து தலையாட்டி ஆமோதித்தாள்.

பிறகு முருகையா சசிதரனை மேடைக்கு முன்னால் நிறுத்தினார். "நீ லாயருக்குப் படிச்சியா?"

"இல்லண்ணே. நடிச்சேன்."

"படிக்காமலே ஒரு குடும்பத்துக் கேசுல கைய வச்சத ஒத்துக்கிறான்," என்று முருகையா சபையிடம் சொன்னார். "அவங்க பாட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தாங்க. நீ வந்து என்னா சொன்ன? அதே மாதிரி இங்க சொல்லு."

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு எதுக்கும்மா, ஒண்ணா இருங்கன்னு சொன்னேன்."

சபை முணுமுணுத்தது. யாரோ ஒரு பெண் விசும்பினாள்.

"இதச் சொல்ல யாரு உனக்கு ரைட் கொடுத்தா?"

"எழுதிக் கொடுத்தாங்கண்ணே. நான் சொல்லாட்டி வேற ஒருத்தன் சொல்லியிருப்பான்."

"சரி, எழுதிக் கொடுத்தாங்க. லேசா மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? 'ஒண்ணா இருங்க'ன்னு சொல்றதுக்குப் பதிலா, 'யோசிச்சிச் சொல்லுங்க'ன்னு சொல்லியிருந்தா ஒரு வருஷம் ஓடியிருக்கும்."

இதைக் கேட்டதும் மண்டபமே பெருமூச்சு விட்டது. எவ்வளவு எளிதாகக் காப்பாற்றியிருக்கலாம் என்ற துக்கம் எல்லா முகத்திலும் தெரிந்தது.

சசிதரனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அப்போது அவன் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பையன் தெரியாம பண்ணிட்டான். மன்னிச்சிருங்க. பொண்ணு கல்யாணம்."

சசிதரனின் சிரிப்பு அதோடு போயிற்று. அவன் போய் அப்பாவின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான். "நான் என்னா செய்யணும் சொல்லுங்க," என்றான் தலைவரிடம்.

தலைவர் தீர்ப்பை முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். சேர்த்து வைத்தவனே பிரித்து வைக்க வேண்டும். நாளைச் சாயங்காலம் இதே மேடையில், லாயர் தாமோதரனாக வந்து, இரண்டு மருமகள்களையும் முறைப்படி பிரித்துவிட வேண்டும். பெரிய மருமகளாகத் தலைவரின் மனைவி. சின்ன மருமகளாகச் சீதா. அது முடிந்ததும் சாவி.

"செஞ்சிட்டு வந்துருண்ணே," என்றாள் பூவிழி வீட்டில். "ஒரு நாள் கூத்து. கோட்டப் போட்டுக்கிட்டு ரெண்டு வார்த்தை சொல்லு. அப்பா இன்னொரு தடவ கும்பிடறத என்னால பாக்க முடியாது."

கோட்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. தலைவர் தன்னுடையதையே கொடுத்தார். அதில் கற்பூர வாசனை அடித்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. சசிதரன் மேடையில் ஏறி, இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றான்.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நல்லா யோசிச்சிப் பாத்தேன். ஒரு வீட்ல ரெண்டு அடுப்பு இருக்கறதுதான் நல்லது. நீங்க பிரிஞ்சிருங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கிளைத் தலைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் எழுந்து நன்றியுரை சொல்லத் தொண்டையைச் செருமினார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது.

தலைவரின் மனைவி மேடையை விட்டு இறங்கவில்லை. எட்டு வருஷம் பேசாமலிருந்த அந்தப் பெண்மணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சீதாவைப் பார்த்தாள்.

"பிரியறதுக்கு முன்னால ஒரு கேள்வி. பேரவை ஆண்டு விருந்துல உன்ன எதுக்கு முதல் மேசையில போட்டாங்க? என்ன எதுக்குக் கக்கூசுகிட்ட போட்டாங்க?"

இது தொடரில் இல்லாதது. சீதா ஒரு கணம் விழித்தாள். அப்புறம் அவளும் இடுப்பில் கை வைத்தாள்.

"அதப் போயி உங்க வீட்டுக்காரரக் கேளுங்க. மேசை போட்டது அவரு."

"அவரு எங்க என்கிட்ட பேசறாரு? உன்கிட்டதான் போன்ல பேசறாரு, கதைச் சுருக்கம் சொல்றேன்னு."

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பின்வரிசையிலிருந்த வங்காளதேசத்து ஆட்கள் நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்கள். சண்டைக்கு மொழி தேவைப்படவில்லை. தலைவர் நன்றியுரையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வாக்குவாதம் விருந்திலிருந்து திருவிழாவுக்கும், திருவிழாவிலிருந்து ஒரு பித்தளை அண்டாவுக்கும் போய், சீதா மைக்கைத் தூக்கி எறிந்ததும் நின்றது. மக்கள் கலையும்போது, செண்பக இல்லத்திலேயே இப்படியொரு கட்டம் வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பெண்களும் வந்தார்கள். இருவரும் பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் சசிதரன் சாவி கேட்டுத் தலைவரின் வீட்டுக்குப் போனான். அவர் அவனை அன்போடு உட்கார வைத்தார்.

"உன் மேல இருந்த குத்தம் போயிருச்சி தம்பி. பேரவை உன்ன மன்னிச்சிருச்சி."

"சாவிங்க ஐயா. சனிக்கிழமை கல்யாணம்."

"மண்டபம் எப்படிப்பா கொடுக்கறது? நிகழ்ச்சி நடக்குது."

"அது நிகழ்ச்சி இல்லீங்க. உங்க சம்சாரமும் சீதாக்காவும் நெசமா சண்டை போடறாங்க."

"மக்கள் விரும்பறாங்க," என்றார் குகனேஸ்வரன். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் கண்களை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் பேரவை முன் எப்போதும் இல்லாத சுறுசுறுப்போடு இயங்கியது. சண்டை ஏற்பாட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. முருகையா பெண்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, எதை இன்று சொல்வது, எதை நாளைக்கு வைத்துக்கொள்வது என்று ஆலோசனை சொன்னார். இடைவேளையில் கறிபாப்புப் பலகாரம் விற்றார்கள். உறுப்பினர்கள் பெரிய மருமகள் அணி, சின்ன மருமகள் அணி என்று பிரிந்து, லயத்து வரிசை வீடுகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டே பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு அணியிலிருந்தும் ஆட்கள் கந்தசாமி வீட்டுக்கு வந்து, தங்கள் பக்கம் வாதாட வேண்டும் என்று சசிதரனைக் கேட்டார்கள். நான் லாயர் இல்லை என்றான். அவ்வளவு பெரிய கேசை முடித்தவர் இப்படிச் சொல்லக்கூடாது என்றார்கள். இதே ஆட்கள்தான் போன வாரம் அதற்காக அவனைப் பார்த்துக் காறித் துப்பியவர்கள்.

வெள்ளிக்கிழமை தினேஸ்வரன் மோட்டாரில் வந்து இறங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அம்மாகிட்ட கேட்டேன்," என்றான். "இப்ப எனக்கு அந்த நெனப்பே இல்ல, சண்டை ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் பேசலாம்னாங்க. அது எப்ப முடியும்னு கேட்டேன். 'ஏன்டா முடியணும்?'னு திட்டறாங்க."

பூவிழி அப்பாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"நாளைக்குத்தானே நாள் குறிச்சது. தானா ராத்தா கோயில்ல போயி தாலி கட்டிக்கிறோம். யாரு வராங்களோ வரட்டும். நான் யார் கால்லயும் விழல."

"அம்மா கால்ல மட்டும் விழுந்துருவோம்," என்றான் தினேஸ்வரன். "பெத்தவங்கலா."

அவள் சரியென்றாள்.

கல்யாணம் சுருக்கமாக, நன்றாக நடந்தது. மழை பெய்யவில்லை. கந்தசாமி புதுச்சட்டை போட்டிருந்தார். மருந்துக்கடையில் பூவிழியோடு வேலை பார்க்கும் நாதிராவும் சுஹைலாவும் வந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. நசுருதீன் பாய் பிரியாணி அண்டாவோடு இறங்கினார்.

"புரவலர் பதவிய விட்டுட்டேன் தம்பி," என்றார் சசிதரனிடம். "பூராப் பேரும் மண்டபத்துல கறிபாப்பு திங்கறானுங்க. அத விக்கறது அவனுங்களே. என் கடைக்கு ஒரு ஈ வரல. இனிமே நான் பேரவைக்கு எதிரி. சாப்பிடுங்க."

அவர் வந்ததற்கு வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. பிரியாணி ருசியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாலையும் கழுத்துமாக மணமக்கள் பாயின் வேனில் வந்து இறங்கி மண்டபத்துக்குள் போனார்கள். சசிதரனும் கந்தசாமியும் பின்னால் போனார்கள். உள்ளே நிற்க இடமில்லை. ஆனால் மேடையில் அன்று சண்டை நடக்கவில்லை. பெண்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் காத்திருக்க, நடுவில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் நான்கு நாள் தாடி. அவருடைய மனைவி ரிங்லெட்டில் அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு போய்விட்டாள். சாயங்காலம் சண்டைக்கு மட்டும் வேனில் வந்து போனாள்.

தலைவர் வாசலில் சசிதரனைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, மேல வாப்பா," என்று மைக்கிலேயே கூப்பிட்டார். "வந்து ரெண்டு பேத்தையும் சேத்து வச்சிரு. ஒண்ணா இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. என்னால முடியல. வீட்ல சோறாக்க ஆளில்ல."

முருகையா மெதுவாக எழுந்தார்.

"தலைவரே, என்னா சொன்னீங்க?"

"போதும்யா. முடிச்சிக்கலாம்."

"யாரக் கேட்டு முடிக்கிறீங்க?" என்றார் முருகையா. "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறத முடிக்கச் சொல்ல யாரு உங்களுக்கு ரைட் கொடுத்தா?"

"அவ என் சம்சாரம்யா."

"இங்க அவங்க பெரிய மருமக."

இரு அணிகளும் பிரிந்த பிறகு முதல் தடவையாக ஒன்றாகக் கத்தின. யாரோ தலைவரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்கள். யாரோ அவரை மேடைக்கு முன்னால், ஒழுங்கு நடவடிக்கைக்கு நிறுத்தும் இடத்தில், கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைவரின் மனைவி மூலையில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இத்தனை வருஷத்தில் யாரும் காணாத ஒரு நிம்மதி இருந்தது.

இந்த இரைச்சலுக்கு நடுவில் தினேஸ்வரனும் பூவிழியும் முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிளைத் தலைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கல்யாணம் ஆயிருச்சி," என்றான் தினேஸ்வரன்.

"இரு, இரு," என்றாள் அவள். "முக்கியமான கட்டம்."

இருவரும் குனிந்து அவள் காலைத் தொட்டார்கள். காலில் ஏதோ படுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. கண்ணை எடுக்காமலே இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு கை மகன் தலையில் பட்டது. இன்னொரு கை, பக்கத்தில் குனிந்து கறிபாப்புத் தட்டை எடுத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு கிழவரின் வழுக்கைத் தலையில் படிந்தது.

"நல்லா இருங்க," என்றாள்.

கிழவர் நிமிர்ந்து அவளை நன்றியோடு பார்த்தார்.

பூவிழி எழுந்தாள். பட்டுச்சேலையில் ஒட்டியிருந்த கறிபாப்புத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். தினேஸ்வரன் இன்னும் குனிந்தபடியே இருந்தான். அவள் அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"வா தினேசு. அப்பாவுக்குக் குளிருது."

நால்வரும் வெளியே வந்தார்கள். பாயின் வேன் தயாராக நின்றது. கதவை மூடும்போது உள்ளே தலைவர் என்னவோ சொல்லி அழுவது கேட்டது. சபை அதற்குக் கைதட்டியது.